நள்ளிரவில் ஒரு நேயர் விருப்பம்

2019 ஜனவரி 22 அன்று கொரியாவில் ஒரு பாட்டு வெளியானது. பாடியவர் லீ சோரா, அப்போது வயது 49. நடுவில் ராப் செய்தவர் பிடிஎஸ் என்ற பாப் குழுவின் சூகா, வயது 25. எழுதியவர் எபிக் ஹை என்ற ஹிப்ஹாப் குழுவின் டாப்லோ. பாட்டின் பெயர் 'சிஞ்சொங்கொக்'. நம் வானொலியில் 'நேயர் விருப்பம்' என்று சொல்வார்களே, அதேதான். தனிமையைப் பற்றி நான் கேட்ட கொரியப் பாட்டுகளில் இதைவிட மேலான ஒன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடிஎஸ் பற்றித் தமிழில் எவ்வளவோ பேர் எழுதுகிறார்கள், ஆனால் இந்தப் பாட்டைப் பற்றி யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

கதை ரொம்பச் சின்னது. இரவு, வெளியே மழை. பிரிந்து போன ஒருவனை மறக்க முடியாத ஒரு பெண் வானொலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நிகழ்ச்சி நடத்துபவரிடம் ஒரு பாட்டு கேட்கிறாள். தனக்குப் பதிலாகச் சிரிக்கிற ஒரு பாட்டு, அவனை மறக்க வைக்கிற ஒரு பாட்டு. அவ்வளவுதான். லீ சோரா இதைப் பாடும்போது குரலை உயர்த்துவதே இல்லை. அழுகை வரும் இடத்தில் மூச்சுதான் வருகிறது.

அப்புறம் சூகா வருகிறார். கொரியாவில் இப்படி ஒரு பெண் குரலும் ஒரு ராப் பகுதியும் சேர்ந்த காதல் பாட்டுகள் ஏராளம். அவற்றில் ராப் பகுதி பெரும்பாலும் அந்தப் பிரிந்து போன ஆணுடைய பக்கமாக இருக்கும். அவள் ஒரு குறை சொல்வாள், இவன் ஒரு குறை சொல்வான். இந்தப் பாட்டில் அந்த ஆண் கடைசிவரை வாயே திறப்பதில்லை. சூகா பேசுவது அவனாக அல்ல, வானொலிக்குள்ளிருந்து. ராத்திரியெல்லாம் கூட இருக்கிற, யார் யாருடைய கதைகளையோ கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு குரலாக. அவள் யாரை நினைத்து ஏங்குகிறாளோ அவனிடமிருந்து பதில் வரவில்லை. அவளுக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வருகிறது. இந்த ஒரு முடிவில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நம் தனிமைக்கு மருந்து நாம் விரும்பும் அந்த ஒரே ஆளிடம்தான் இருக்கிறது என்று பெரும்பாலான காதல் பாட்டுகள் நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இந்தப் பாட்டு அப்படிச் சொல்வதில்லை.

லீ சோராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிடிஎஸ் வழியாக இந்தப் பாட்டுக்கு வந்த நிறையப் பேருக்கு அவர் யாரென்றே தெரியாது.

1993இல் ஒரு ஜாஸ் பாட்டுக் குழுவில் அறிமுகமானார். 'அந்நியர்கள்' என்பது அந்தக் குழுவின் பெயர். 1995இல் தனியாகப் பாட வந்தார். 1996 முதல் 2002 வரை கேபிஎஸ் தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு இசை நிகழ்ச்சி நடந்தது. 2004இல் வந்த 'காற்று வீசுகிறது' என்ற பாட்டைத் தெரியாத கொரியரைப் பார்ப்பது கஷ்டம். பிரிவுக்குப் பிறகு உலகம் எப்போதும்போல நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கிற ஒருத்தியின் பாட்டு அது. வரிகளும் அவருடையவைதான். 2011இல் பெயர் பெற்ற பாடகர்களையே போட்டிக்கு இறக்கிய ஒரு நிகழ்ச்சியை எம்பிசி தொலைக்காட்சி தொடங்கியபோது, முதல் நாள் முதல் ஆளாக அவர் வந்து பாடியது இதைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிப் பாடினார். அரங்கத்தில் இருந்தவர்கள் முகத்தைக் கேமரா காட்டும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக எங்கேயோ போயிருப்பது தெரிகிறது.

2008இல் வந்த அவருடைய ஏழாவது ஆல்பத்தில் பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, எண்கள் மட்டும்தான். அதில் ஒன்பதாவது பாட்டு என்னை இன்றுவரை விடவில்லை. நான் அறியாமலே பிறந்தேன், நான் வைத்துக்கொள்ளாத ஒரு பெயரால் என்னை அழைக்கிறார்கள் என்கிற பொருளில் தொடங்கும். இப்படி ஒருவர்தான் 'நேயர் விருப்பம்' பாட வேண்டும். இருபது வயதுப் பெண் ஒருத்தி பாடியிருந்தால் அது ஒரு காதல் தோல்விப் பாட்டாகவே நின்றிருக்கும். லீ சோரா பாடும்போது அந்தப் பிரிவுக்கு முன்னால் இருந்த தனிமையும் சேர்ந்து கேட்கிறது.

சரி, ஏன் வானொலி? 2019இல் யார் வானொலி கேட்கிறார்கள் என்று தோன்றலாம். கொரியாவில் கேட்கிறார்கள். நான் இங்கே ஆராய்ச்சிக்கு வந்த புதிதில் எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. எம்பிசி வானொலியின் 'விண்மீன் ஒளிரும் இரவு' 1969இல் தொடங்கியது. எண்பதுகளில் பாடகர் லீ முன்சே அதை நடத்தியபோது பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ராத்திரி அதைக் கேட்டுக்கொண்டுதான் பாடம் படிப்பார்களாம். அவருக்கு 'இரவின் கல்வி அமைச்சர்' என்றே பட்டப்பெயர் இருந்தது. நேயர்கள் அஞ்சலட்டையில் படம் வரைந்து, ஓரங்களில் பூ ஒட்டி, தங்கள் கதையை எழுதி, கடைசியில் ஒரு பாட்டு கேட்பார்கள். அப்படி வந்த அட்டைகளில் அழகானவற்றைப் பொறுக்கிக் கண்காட்சியே வைத்திருக்கிறார்கள்.

இப்போது அட்டை இல்லை. குறுஞ்செய்தியோ செயலியோதான். சின்னச் செய்திக்கு 50 வொன், நீளமான செய்திக்கு 100 வொன் என்று நிகழ்ச்சி நடுவே கட்டணம் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். அனுப்பியவரின் பெயரை வாசிப்பதில்லை. கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்லி, கூடவே மரியாதை விகுதி சேர்த்து அழைப்பார்கள். "நான்கு இரண்டு ஏழு ஒன்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள்: இன்றைக்கு வேலையை விட்டுவிட்டேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை." இந்த மாதிரி. எண் மட்டும்தான், ஆனால் அந்த எண்ணைச் சொல்லும் குரலில் ஒரு கனிவு இருக்கும். அந்த நேரத்தில் நாட்டில் எத்தனையோ பேர் காரிலும் சமையலறையிலும் கடைக் கல்லாவிலும் இருந்து அந்த நான்கு இலக்கக்காரருக்காகக் கொஞ்சம் வருத்தப்படுகிறார்கள். பிறகு பாட்டு வரும்.

இந்தப் பாட்டைச் செய்த மூன்று பேருமே ஏதோ ஒரு காலத்தில் அந்த ஒலிவாங்கிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் என்பதைக் கவனித்தபோது எனக்குச் சிலிர்த்தது. லீ சோரா எம்பிசியில் 'இசை நகரம்' என்ற இரவு நிகழ்ச்சியை நடத்தியவர். டாப்லோ அதே எம்பிசியில் 'கனவு காணும் வானொலி'யை 2008இல் ஏற்று நடத்தினார், 2014இல் திரும்பவும் வந்தார். சூகா மட்டும் பாட்டுக்குப் பிறகு. 2020இல் பெருந்தொற்றால் பிடிஎஸ்ஸின் உலகச் சுற்றுப்பயணம் நின்றுபோன மாதங்களில், இணையத்தில் வானொலி மாதிரி ஒரு நிகழ்ச்சி நடத்தி ரசிகர்களின் கடிதங்களை வாசித்தார். முகம் தெரியாத ஒருவரின் துயரத்தை ராத்திரியில் உரக்க வாசிப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் செய்த பாட்டு இது. அதனால்தான் அந்த ராப் பகுதியில் உபதேசம் இல்லை. கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்வதில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்ற அளவில் நிற்கிறது.

டாப்லோவுக்கு இந்தப் பொருள் எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. 2010இல் அவருக்கு நடந்ததைக் கொரியாவில் மறக்க மாட்டார்கள். அவர் ஸ்டான்போர்டில் படித்தது பொய் என்று இணையத்தில் ஒரு குழு கிளம்பியது. ஒரு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். பல்கலைக்கழகமே அவர் படித்தார் என்று உறுதி சொன்னது. அவர்கள் நம்பவில்லை. காவல் துறை விசாரித்து உண்மைதான் என்று சொன்னது. அப்போதும் விடவில்லை. அவதூறு பரப்பிய சிலருக்குப் பிற்பாடு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஒரு மனிதனைத் தனிமைப்படுத்துவதற்காக முன்பின் தெரியாத ஒரு லட்சம் பேர் ஒன்றுகூடினார்கள் என்பதுதான் அந்தக் கதையில் என்னை அச்சுறுத்துவது. அவர்களுக்குள் ஒரு நெருக்கம்கூட இருந்திருக்கும்.

2011 இறுதியில் அவர் தனி ஆல்பத்தோடு திரும்பி வந்தார். 'காய்ச்சலின் முடிவு' என்று பொருள்படும் தலைப்பு. அதன் முதல் பாட்டே 'வீடு'. அதில் அவருடன் பாடியவர் யார் என்றால், இதே லீ சோரா. அதே ஆல்பத்தில் 'ஏர்பேக்' என்று இன்னொரு பாட்டு. அதில் நாவுல் என்ற பாடகர் பாடுகிறார். ராத்திரி, மழை, டாக்ஸி. பெரிய துயரம் ஒன்று எதிரே வந்துகொண்டிருப்பது தெரிகிறது, மோதலைத் தாங்க எதுவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் மனமில்லை. அந்தப் பாட்டில் தனியாக வண்டியில் உட்கார்ந்திருந்த ஆள்தான் ஏழு வருடம் கழித்து 'நேயர் விருப்ப'த்தில் வானொலி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணாக வருகிறார் என்று எனக்குத் தோன்றும். இந்த முறை வானொலிப் பக்கத்திலிருந்து பேச ஒரு ஆளையும் டாப்லோ வைத்துவிட்டார்.

அந்த ஆள் சூகாவாக இருந்ததும் தற்செயல் என்று சொல்ல முடியாது. டேகு நகரத்துப் பையன். பள்ளிக் காலத்தில் எபிக் ஹை பாட்டைக் கேட்டுத்தான் ராப் பக்கம் வந்தேன் என்று பல தடவை சொல்லியிருக்கிறார். பாப் குழுவில் சேருவதற்கான பயிற்சிக் காலத்தில் உணவு டெலிவரி வேலை பார்த்து, விபத்தில் தோளில் அடிபட்டு, அதை நிறுவனத்துக்குத் தெரியாமல் மறைத்தவர். 2016இல் அகஸ்ட் டி என்ற பெயரில் வெளியிட்ட பாட்டுகளில் தன் மன அழுத்தத்தையும், மனிதர்களைக் கண்டால் வரும் அச்சத்தையும் மறைக்காமல் பேசினார். நிறுவனங்கள் பயிற்சி கொடுத்து உருவாக்கும் பாப் நட்சத்திரங்களின் உலகத்தில், கொரியாவின் ஐடல் உலகத்தில், அன்று அப்படிப் பேசுவது சாதாரண விஷயம் இல்லை. டாப்லோவின் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒருவன், டாப்லோ எழுதிய பாட்டில், வானொலியாக இருந்து பேசுகிறான்.

எங்கள் ஆய்வகத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு தம்பி இருக்கிறான். இதை அவனிடம் சொன்னபோது, "அக்கா, எல்லாம் ஒரே ஃபார்முலாக்கா. பொண்ணு குரல்ல கோரஸ், நடுவுல பையன் ராப். சார்ட்டுக்குன்னே செய்யறாங்க" என்றான். அவன் சொல்வதில் பாதி உண்மை. கொரியப் பட்டியல்களில் இந்த அச்சில் வார்த்த பாட்டுகள் கணக்கில்லை. எனக்கே பல பாட்டுகளில் ராப் பகுதி வந்தால் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அச்சு ஏன் நிலைத்தது என்றும் யோசிக்க வேண்டும் இல்லையா? ராப் என்பது ஒரே ஆள் மூச்சுவிடாமல் பேசுவது. நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை. தனியாக அறையில் இருப்பவன் தன் மண்டைக்குள் பேசிக்கொள்வதும் அப்படித்தான். கோரஸ் எதிர்மாறு. அது திரும்பத் திரும்ப வரும், யாரும் சேர்ந்து பாடலாம். இரண்டையும் ஒரே பாட்டில், இரண்டு வெவ்வேறு குரல்களில் வைத்தால் தனிமையும் துணையும் அந்த வடிவத்திலேயே இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. டாப்லோ பயன்படுத்தினார். அதிலும் திருப்பிப் போட்டார்: தனியாக இருப்பவர் கோரஸ் பாடுகிறார், துணை ராப்பில் வருகிறது.

நான் இந்தப் பாட்டை முதலில் கேட்டது ஹெட்போனில் இல்லை. சியோலின் சாதாங் நிலையத்திலிருந்து சூவோன் போகும் 7770 சிவப்புப் பேருந்தில். கடைசிக்கு முந்தைய வண்டியாக இருக்கலாம். எல்லோரும் தூங்கிக்கொண்டோ கைபேசியைப் பார்த்துக்கொண்டோ இருந்தார்கள். அந்தப் பேருந்தில் நின்றுகொண்டு போக விடமாட்டார்கள், அதனால் நெடுஞ்சாலை ஏறியதும் வண்டி ஒரே அமைதியாகிவிடும். ஓட்டுநர் வானொலி போட்டிருந்தார். யாரோ ஒருவரின் செய்தியை வாசித்தார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. கடையை மூடிவிட்டுத் தனியாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தார் அந்த நேயர். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அறிவிப்பாளர் வானொலியிலேயே கேட்டார். அதற்குப் பதில் வருவதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள். லீ சோராவின் குரல் தொடங்கியதும் ஓட்டுநர் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தார். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: சூண்டுபு ஜிகே, டோஃபு போட்ட காரக் குழம்பு, இப்போதுதான் பதில் வந்தது. இவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனால் அன்று அந்த வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு டோஃபு குழம்பைத் தெரிந்து வைத்திருந்தோம்.

அப்போது நான் குடியிருந்தது பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருவில் ஒற்றை அறை. கட்டிலில் உட்கார்ந்தால் அடுப்பு எட்டும். அந்தக் கட்டடம் முழுக்க அப்படித்தான், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு ஆள். பக்கத்து அறைக்காரரின் மைக்ரோவேவ் மணி அடிப்பது கேட்கும், முகம் தெரியாது. இது என் ஒருத்தியின் நிலைமை இல்லை. 2023 கணக்கில் கொரியாவின் மொத்தக் குடும்பங்களில் 35.5 சதவீதம் ஒரே ஆள் கொண்டவை, கிட்டத்தட்ட 78 லட்சம் வீடுகள். யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்துபோகிறவர்களைப் பற்றித் தனிச் சட்டமே 2021இல் நடைமுறைக்கு வந்தது. 2023இல் அப்படி இறந்தவர்கள் 3,661 பேர் என்று அரசு கணக்குச் சொல்கிறது. அதில் அதிகம் ஐம்பது, அறுபது வயது ஆண்கள். கே-பாப் பளபளப்பைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு இந்த எண்கள் அதிர்ச்சியாக இருக்கும். பாட்டுகளை ஒழுங்காகக் கேட்டவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இருக்காது.

வானொலியைப் பற்றிப் பேசிவிட்டு ஷைனி என்ற பாப் குழுவின் பாடகர் ஜொங்ஹியுனைச் சொல்லாமல் போக முடியாது. 2014 முதல் 2017 வரை எம்பிசியில் 'நீல இரவு' நிகழ்ச்சியை நடத்தினார். ஒவ்வொரு இரவும் விடைபெறும்போது, நாளைக்கும் ஓய்வெடுக்க இங்கே வாருங்கள் என்பார். பாடகி லீ ஹை பாடிய 'பெருமூச்சு' அவர் எழுதியதுதான். உன் மூச்சின் ஆழத்தை என்னால் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது, இருந்தாலும் அணைத்துக்கொள்கிறேன் என்கிற பாட்டு. அத்தனை பேரை ஓய்வெடுக்க அழைத்த அவர் 2017 டிசம்பரில், 27 வயதில் போய்விட்டார். அவருடைய பழைய நிகழ்ச்சிப் பதிவுகளை இன்னமும் ராத்திரியில் போட்டுக் கேட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. அந்தக் குரல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜொங்ஹியுனுக்கு நெருக்கமான தோழி பாடகி ஐயூ. 2013இல் ஜொங்ஹியுன் எழுதிய ஒரு பாட்டை இருவரும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். அந்த ஐயூவும் சூகாவும் 2020 மே 6 அன்று 'எயிட்' என்ற பாட்டை வெளியிட்டார்கள். இருவரும் 1993இல் பிறந்தவர்கள், பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் கொரியக் கணக்கில் அந்த வருடம் 28 வயது, அந்த எட்டுதான் தலைப்பு. தாளம் துள்ளலாக இருக்கும், முதல் தடவை கேட்கிறவர் கோடை விடுமுறைப் பாட்டு என்று நினைத்துக்கொள்வார். வரிகளைப் பார்த்தால் இனி வரமாட்டாத ஒரு 'நீ'யிடம் பேசுகிறது. ஆரஞ்சு நிறச் சூரியனுக்குக் கீழே, நிழலே இல்லாமல், எல்லோரும் சேர்ந்து ஆடிய ஓர் இடத்தை நினைத்து ஏங்குகிறது. யாரைப் பற்றி என்று பாட்டில் பெயர் இல்லை. ரசிகர்கள் ஜொங்ஹியுனையும், 2019இல் இறந்துபோன பாடகி சல்லியையும் நினைத்துக்கொண்டார்கள். சூகாவின் ராப் இதில் வானொலியாக இல்லை, துக்க வீட்டில் பக்கத்தில் வந்து உட்காருகிற நண்பனாக இருக்கிறது.

அதே மாதம் 22ஆம் தேதி அகஸ்ட் டி என்ற பெயரில் சூகா வெளியிட்ட இரண்டாம் இலவசப் பாட்டுத் தொகுப்பில், அதாவது மிக்ஸ்டேப்பில், 'மனிதன்' என்ற பாட்டு வந்தது. மனிதர்கள் மாறுவார்கள், நானும் மாறினேன், கடந்து போனால் போகட்டும், காயப்பட்டால் படட்டும் என்று தோளைக் குலுக்குகிற பாட்டு. தனியாகத்தான் பாடினார். மூன்று வருடம் கழித்து, 2023 ஏப்ரல் 7 அன்று, அதற்கு இரண்டாம் பாகம் வந்தபோது ஐயூவை அழைத்துக்கொண்டார். ஏன் முதல் பாகத்தைத் தனியாகவும் இரண்டாவதைத் துணையோடும் செய்தார் என்பது எனக்குப் பிடித்த கேள்வி. முதல் பாகத்தின் "போகட்டுமே"வைத் தனியாகச் சொல்லிவிடலாம். இரண்டாவதில் அந்தத் துணிச்சல் போய்விட்டது. உறவு முடிந்தபின் வரும் வருத்தம், தனியாகிவிடுவோமோ என்ற பயம், அன்புக்கு ஏங்குவது, இதையெல்லாம் ஒப்புக்கொள்கிற பாட்டு அது. அதை ஒப்புக்கொள்ளக் கூட ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

ஆனாலும் நேர்மையாகச் சொன்னால் 'மனிதன் 2' எனக்கு 'நேயர் விருப்பம்' அளவுக்கு இல்லை. ஐயூவின் குரல் தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே கேள்வியை ஒரே பக்கம் நின்று கேட்கிறார்கள். ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல வருவதில்லை. தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "பதில் தெரியாதவங்க ரெண்டு பேரு சேர்ந்து உட்கார்ந்தா அதுவும் துணைதானேக்கா" என்றான். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த 2023 ஏப்ரல் மாதத்தில்தான் கொரிய அரசு, வீட்டைவிட்டு வெளியே வராமல் முடங்கிக் கிடக்கும் இளம் வயதினருக்கு மாதம் 6,50,000 வொன் வரை உதவித்தொகை தருவதாக அறிவித்த செய்தி உலகமெங்கும் ஓடியது. பணம் கொடுத்தால் தனிமை போகுமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். வெளியே வரவே பேருந்துக்குப் பணம் வேண்டும், ஒரு காபிக்குப் பணம் வேண்டும். போகாது என்று சொல்கிறவர்கள் கையில் காசில்லாமல் ஒரு வார இறுதியைக் கழித்துப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். 2025இல் சியோல் மாநகராட்சி இன்னொரு வேலை செய்தது. 120 என்ற எண்ணை அழைத்து 5ஐ அழுத்தினால், பகலோ இரவோ, யாராவது ஒருவர் எடுத்துப் பேசுவார். காரணம் சொல்லத் தேவையில்லை, தனியாக இருக்கிறேன் என்றால் போதும். நகரத்தில் சில இடங்களில் 'மனசு மளிகைக்கடை' மாதிரி ஒன்றும் திறந்திருக்கிறார்கள். போய் ராமியோன் நூடுல்ஸ் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, விருப்பமிருந்தால் அங்கே இருப்பவர்களோடு பேசலாம், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த இரவு நிகழ்ச்சி அறிவிப்பாளர்தான் ஞாபகத்துக்கு வந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதை ஒரு மாநகராட்சி கற்றுக்கொண்டிருக்கிறது.

தம்பி இப்போதும் ஃபார்முலா என்றுதான் சொல்கிறான். ஆனால் சமீபத்தில் ஒரு நாள் ஆய்வகத்தில் எந்திரம் ஓடி முடியக் காத்திருந்தபோது, தன் அரைகுறைக் கொரியனில் ஒரு இரவு நிகழ்ச்சிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான். ஊரில் இன்றைக்கு அக்காவுக்குக் கல்யாணம், லீவு கிடைக்கவில்லை, 'எயிட்' போடுங்கள் என்று. நாங்கள் கணினியில் வானொலியைப் போட்டு வைத்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து அவனுடைய நான்கு இலக்கங்களைச் சொன்னார்கள். எழுத்துப் பிழைகளை எல்லாம் அறிவிப்பாளர் தானே திருத்தி வாசித்தார், அக்காவுக்கு வாழ்த்துச் சொன்னார், ஊர் எங்கே என்று கேட்டார். பாட்டு போட நேரமில்லாமல் செய்தி வந்துவிட்டது. அவன் ஊர்ப் பெயரைக் கொரிய எழுத்தில் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டு, மறுநாள் ராத்திரி மறுபடி அனுப்பினான்.